மலைச்சரிவில் மில்லிமீட்டர் அலை

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் நகருக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் அமைந்த குனோங் பிரிஞ்சாங் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்களும் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் நெடுங்காலமாக நின்றுவருகின்றன. உச்சிக்கு ஏறும் குறுகிய தார்ச்சாலையின் கீழ்ப்புறத்தில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் விரிகிறது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்களில் இதுவும் ஒன்று. தேயிலை நிரைகள் சரிவின் வளைவோடு வளைந்து செல்கின்றன. தொழிலாளர் லயங்கள் பள்ளத்தின் மடிப்புகளில் ஒதுங்கி நிற்கின்றன. அவற்றுக்கு மேலே பாசி படர்ந்த மலைக்காடு தொடங்குகிறது. வானலைப் பொறியியல் தெரிந்த ஒருவர் இந்த நிலத்தைப் பார்த்ததும் கேட்கக்கூடிய முதல் கேள்வி, எந்த லயத்திலிருந்து எந்த முகடு கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான். அதிர்வெண் ஏற ஏற அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையின் கண்டிப்பும் ஏறிக்கொண்டே போகிறது.

மலேசியாவின் 5ஜி கட்டமைப்பை அமைப்பதற்காக 2021இல் உருவாக்கப்பட்ட டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் நிறுவனம், அதே ஆண்டு டிசம்பரில் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயா ஆகிய இடங்களில் சேவையைத் தொடங்கியபோது, அதன் திட்டத்தில் மூன்று அலைவரிசைகள் இருந்தன: 700 மெகாஹெர்ட்ஸ், 3.5 கிகாஹெர்ட்ஸ், 28 கிகாஹெர்ட்ஸ். இவற்றுள் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே சரியாக 40 மடங்கு வேறுபாடு உண்டு. 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம், அதாவது அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு, ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். 28 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 10.7 மில்லிமீட்டர். கறாராகப் பார்த்தால் அலைநீளம் 10 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை உள்ளவற்றுக்கே மில்லிமீட்டர் அலை என்ற பெயர் பொருந்தும். எனினும் 24 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அனைத்தையும் அப்பெயராலேயே குறிப்பது கைப்பேசித் துறையின் வழக்கமாகிவிட்டது.

அத்தனை உயர்ந்த அதிர்வெண்ணுக்குப் போகவேண்டிய காரணம் இடநெருக்கடிதான். கீழ் அலைவரிசைகளில் ஒரு சேவைக்கு ஒதுக்கக்கூடிய அகலம் சில பத்து மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும்; வானொலி, தொலைக்காட்சி, விமானப் போக்குவரத்து, காவல்துறை என்று எல்லாரும் முன்பே இடம்பிடித்துவிட்ட பகுதி அது. 28 கிகாஹெர்ட்ஸில் ஒரே தடத்துக்கு 400 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை 5ஜி நியமம் அனுமதிக்கிறது. தடம் அகன்றால் தரவும் அதற்கேற்ப அதிகம் ஓடும்.

மில்லிமீட்டர் அலை சீக்கிரம் வலுவிழந்துவிடும் என்று எழுதாத கட்டுரை இல்லை. பாதி உண்மையான இந்தக் கூற்றைச் சற்று நின்று ஆராய்வது தகும், ஏனெனில் அலையை ஒரே திசையில் குவித்து அனுப்பும் கற்றையாக்கத்தின் முழுக் கதையும் அதன் மறுபாதியில்தான் இருக்கிறது. பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் ஃப்ரீஸ் 1946இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் பரப்பும் ஆன்டெனாவிலிருந்து அதேபோன்ற மற்றோர் ஆன்டெனாவுக்குச் சேரும் ஆற்றல், அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. அலைநீளம் 40இல் ஒரு பங்கானால் வந்துசேரும் ஆற்றல் 1,600இல் ஒரு பங்காகிவிடும். ஆனால் இந்த இழப்பு வெட்டவெளியில் நிகழ்வதில்லை. வெளியில் இரண்டு அலைகளும் ஒரே விதமாகத்தான் விரிந்து நீர்த்துப்போகின்றன. ஓர் ஆன்டெனா ஆற்றலை அள்ளிக்கொள்ளும் பரப்பு அதன் அலைநீளத்தைப் பொறுத்தது. சின்ன அலைக்குச் சின்ன ஆன்டெனா, சின்ன ஆன்டெனாவுக்குச் சின்ன வாய். குறைவது அலையின் வலுவல்ல, வாயின் பரப்பே.

வாய் சிறிதென்றால் வாய்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம். 700 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 21.4 சென்டிமீட்டர், அந்தப் பக்க அளவுள்ள ஒரு சதுரத் தகட்டில் ஒரே ஓர் ஆன்டெனாவுக்குத்தான் இடம் இருக்கும். 28 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 5.35 மில்லிமீட்டர் என்பதால், அதே சதுரத்தில் 40 வரிசைகளும் ஒவ்வொரு வரிசையிலும் 40 ஆன்டெனாக்களுமாக 1,600 ஆன்டெனாக்கள் அடங்கும். இழந்த 1,600 மடங்கு ஒரு முனையிலேயே திரும்பக் கிடைத்துவிடுகிறது. இரு முனைகளிலும் அதே அளவுத் தகடுகளை வைத்தால், 28 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு 700 மெகாஹெர்ட்ஸ் இணைப்பைவிட 1,600 மடங்கு அதிக ஆற்றலைக் கொண்டுசேர்க்கும். இதற்குக் கொடுக்கவேண்டிய விலை ஒன்று உண்டு. ஆற்றல் எல்லாத் திசைகளிலும் போகாமல் ஒரே திசையில் மெல்லிய கற்றையாகப் போகும். ஆகவே யார் எங்கே இருக்கிறார் என்று கோபுரத்துக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

பல ஆன்டெனாக்களைச் சேர்த்த தொகுதி அணி எனப்படுகிறது. அணியின் ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் ஒரே குறிகை புறப்படும்போது, வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் அவ்வலைகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. ஓர் அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கட்டம் என்பர். முழுச் சுற்று ஒன்று 360 பாகை. எந்தத் திசையில் எல்லா அலைகளும் ஒரே கட்டத்தில் போய்ச் சேருகின்றனவோ அந்தத் திசையில் முகடோடு முகடு கூடி அலை ஓங்குகிறது. மற்றத் திசைகளில் முகடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. உறுப்புகள் அனைத்தும் ஒரே கணத்தில் இயங்கினால் கற்றை அணிக்கு நேர் எதிரே செல்லும். அதைத் திருப்புவதற்கு அணியை அசைக்கவேண்டியதில்லை. உறுப்புகள் இயங்கும் கணங்களை வரிசையாகச் சிறிது சிறிது தள்ளிப்போட்டால் போதும். தேயிலை நிரையின் இருபுறமும் இருவர் பிடித்துக்கொண்டு நடக்கும் கொழுந்தறுக்கும் இயந்திரத்தில், ஒருவர் நடையைத் தளர்த்தினால் இயந்திரம் அவர் பக்கமாகவே திரும்புவதைப் போல, அணியின் எந்த ஓரம் தாமதிக்கிறதோ அந்த ஓரத்தின் பக்கமாகக் கற்றை சாய்கிறது.

எவ்வளவு தாமதம் என்பது எளிய கணக்கு. உறுப்புகளுக்கிடையே அரை அலைநீள இடைவெளி இருக்கும்போது, கற்றையை 30 பாகை திருப்ப, ஒவ்வோர் உறுப்பும் முந்தைய உறுப்பைவிட 90 பாகைக் கட்டம், அதாவது கால் சுற்று, பிந்தவேண்டும். 28 கிகாஹெர்ட்ஸில் கால் சுற்று என்பது ஒரு வினாடியை ஒரு லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் ஏறத்தாழ 9 கூறு. இத்தனை நுண்ணிய தாமதத்தை உண்டாக்குவது ஒவ்வோர் உறுப்புக்கும் பின்னே சிலிக்கான் சில்லில் பதிந்திருக்கும் கட்டம் மாற்றி என்ற சிறு சுற்று. அது தொடர்ச்சியாக எல்லா மதிப்புகளையும் தருவதில்லை, படிப்படியாகவே மாறும். ஐந்து பிட் கொண்ட கட்டம் மாற்றிக்கு 32 படிகள், ஒரு படிக்கு 11.25 பாகை. ஒவ்வோர் உறுப்பிலும் அரைப்படி வரை பிழை நேர்ந்தாலும் நூற்றுக்கணக்கான உறுப்புகளின் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் கற்றை கெடுவதில்லை. அணிகளின் சகிப்புத்தன்மை வியப்புக்குரியது. சில உறுப்புகள் செயலிழந்தாலும் கற்றை சற்று மங்குமே தவிர மறைவதில்லை.

இடைவெளி ஏன் அரை அலைநீளமாகவே இருக்கவேண்டும்? அதைவிட அகன்றால், கற்றையைப் பக்கவாட்டில் திருப்பும்போது வேண்டாத இன்னொரு திசையிலும் எல்லா அலைகளும் ஒரே கட்டத்தில் கூடும் நிலை வருகிறது. விரும்பிய கற்றைக்கு நிகரான வலுவுடன் ஒரு போலிக் கற்றை தோன்றிவிடும். குறுகினால் பக்கத்து உறுப்புகள் ஒன்றன் ஆற்றலை மற்றொன்று உறிஞ்சத் தொடங்கும். திருப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சாய்வாகப் பார்க்கும்போது தகட்டின் தோற்றப் பரப்பு சுருங்குவதால், 60 பாகையில் கற்றையின் வலு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்குகிறது. சமவெளி நகரங்களில் கற்றையைப் பெரும்பாலும் இடவலமாகத் திருப்பினால் போதும். பிரிஞ்சாங் போன்ற இடத்தில் ஒரே கோபுரத்துக்கு மேலே உள்ள கடையும் கீழே உள்ள லயமும் தொடர்பு கேட்கும் என்பதால், மேல்கீழ்த் திருப்பமும் அதே அளவு தேவைப்படுகிறது.

இந்த அலைகளோடு மனிதர் பழகியது அண்மையில் அல்ல. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ் 1890களின் நடுவில் செய்த சோதனைகளில் அலைநீளம் 5 மில்லிமீட்டர் வரை இறங்கியது; 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அவர் அந்தக் கருவிகளை விளக்கினார். அவற்றுள் இருந்த புனல் வடிவக் குழாய், இன்றைய கொம்பு ஆன்டெனாவின் முன்னோடி. அலையைத் திசைப்படுத்தும் கருவியே அது, ஆனால் திருப்பவேண்டுமானால் கையால் திருப்பவேண்டும். கருவியை அசைக்காமல் கட்டத்தைக் கொண்டு திசையை மாற்றலாம் என்பதை 1905இல் காட்டியவர், ஸ்ட்ராஸ்பர்க்கில் மூன்று செங்குத்துக் கம்பங்களை வைத்துச் சோதித்த கார்ல் ஃபெர்டினான்ட் பிரௌன். போஸின் சின்ன அலையும் பிரௌனின் கட்ட வித்தையும் ஒரே தகட்டில் சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. இடையில் இருந்த தடை அறிவின் குறைவைவிடச் சில்லுத் தொழில்நுட்பத்தின் குறைவே எனலாம்.

இடைக்காலத்தில் அணிகளின் கணிதம் வானலையில் மட்டும் வளரவில்லை, கடலுக்கடியிலும் வளர்ந்தது. பொள்ளாச்சியில் 1944இல் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றிய ஆரோக்கியசாமி பால்ராஜ், கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வகத்தில் அப்சோ என்ற சோனார் அமைப்பின் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் வேலைசெய்யும் விதம், ஒலியலையை வானலை என்று மாற்றிப் படித்தால், 5ஜி கோபுரம் வேலைசெய்யும் விதமே: வரிசையாக அமைந்த ஒலிவாங்கிகளிலிருந்து வரும் குறிகைகளைத் தக்க அளவு தாமதப்படுத்திக் கூட்டினால், குறிப்பிட்ட திசையிலிருந்து வந்த ஒலி மட்டும் ஓங்கித் தெரியும். பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தாமஸ் கைலாத்தின் குழுவில், ஒரே மாதிரியான இரண்டு அணிகளைச் சற்று விலக்கி வைத்து அவற்றுக்கிடையேயான கட்ட வேறுபாட்டிலிருந்து குறிகை வந்த திசையைக் கணிக்கும் எஸ்பிரிட் முறையின் உருவாக்கத்தில் அவர் பங்கேற்றார். திசையால் குறிகைகளைப் பிரித்தறிய முடியுமானால், ஒரே அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் பல தரவோடைகளை அனுப்பலாமே என்ற அடுத்த எண்ணம், 1992இல் காப்புரிமை விண்ணப்பமாக வடிவெடுத்தது. இன்று மைமோ என்று அறியப்படும் அம்முறை இல்லாத கைப்பேசியும் வைஃபை பெட்டியும் கடையில் கிடைப்பது அரிது. 2014இல் மார்க்கோனி பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. கடற்படைக் கப்பலின் அடிவயிற்றில் பயின்ற கணிதம் கைப்பேசிக்கு வந்துசேர்ந்த இந்த வழி, கற்றையாக்கத்தின் வரலாற்றில் உரிய இடம் பெறவேண்டிய ஒன்று.

அணியை இயக்குவதற்கு இன்று மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. ஒப்புமை முறையில் ஒரே குறிகை எல்லா உறுப்புகளுக்கும் பிரித்தளிக்கப்பட்டு, கட்டம் மாற்றிகள் மட்டுமே திசையைத் தீர்மானிக்கின்றன. செலவு குறைவு, மின்சாரம் மிச்சம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு திசைதான். முழு டிஜிட்டல் முறையில் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே குறிகை கணினியில் உருவாகிறது. எத்தனை பயனர்களோ அத்தனை கற்றைகள், போதாததற்கு ஒருவருக்குச் செல்லும் கற்றை இன்னொருவர் இருக்கும் திசையில் முற்றிலும் அவிந்துபோகுமாறு சுழி வைக்கவும் முடியும். இது எல்லாரும் விரும்பும் முறை. ஆயினும் 256 உறுப்புகளுக்கு 256 தரவு மாற்றிகள், ஒவ்வொன்றும் வினாடிக்குக் கோடிக்கணக்கான மாதிரிகளை எடுத்துக்கொண்டே இருப்பதால், எரியும் மின்சாரமும் எழும் வெப்பமும் தாங்கக்கூடியவையல்ல. ஆகவே நடைமுறையில் நிலைபெற்றது கலப்பு முறை: 256 உறுப்புகளை 64 வீதம் நான்கு குழுக்களாக்கி, குழுவுக்குள் கட்டம் மாற்றிகளும் குழுக்களுக்கிடையே டிஜிட்டல் கணக்கீடும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹீத்தின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சமரசத்தால் இழப்பு மிகக் குறைவு என்பதைக் காட்டியது. மில்லிமீட்டர் அலை ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குப் போய்ச்சேரும் பயன்படத்தக்க பாதைகள் ஒன்றிரண்டுதான், ஒரு நேர்க்கோடும் ஏதோ ஒரு சுவரின் பிரதிபலிப்பும் போல. இவ்வளவு குறைவான பாதைகளே இருக்கும் இடத்தில் 256 தனித்தனிச் சுதந்திரங்களால் பயன் இல்லை.

கற்றையை உருவாக்குவதைவிடக் கடினமானது, அதை யாரிடம் அனுப்புவது என்று கண்டுபிடிப்பது. இப்போதுதான் இயக்கப்பட்ட ஒரு கைப்பேசி எந்தத் திசையில் இருக்கிறது என்று கோபுரத்துக்குத் தெரியாது. கோபுரம் எங்கே என்று கைப்பேசிக்கும் தெரியாது. இருவரும் மெல்லிய கற்றையால் மட்டுமே பேச முடியும் என்றால் முதல் சந்திப்பு எப்படி நிகழும்? 5ஜி நியமம் இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு, கலங்கரை விளக்கம் செய்வதை மின்னணு வேகத்தில் செய்வதுதான். கோபுரம் தன் கற்றைப் பட்டியலில் உள்ள 64 திசைகள் வரை, ஒவ்வொரு திசையிலும் தன் அடையாளத்தைச் சொல்லிக்கொண்டே 5 மில்லிவினாடிக்குள் ஒரு சுற்று வந்துவிடுகிறது. பொதுவாக 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை இந்தச் சுற்று மீண்டும் நடைபெறும். கைப்பேசி தன் பங்குக்கு ஒரு திசையில் செவிகொடுத்து ஒரு சுற்றைக் கேட்டுவிட்டு அடுத்த திசைக்கு மாறுகிறது. கைப்பேசிக்கு எட்டுத் திசைகள் என்றால் எல்லாச் சேர்க்கைகளையும் முடிக்க 160 மில்லிவினாடி ஆகும். எந்தச் சேர்க்கையில் குறிகை மிக வலுவாகக் கேட்டதோ அதையே கைப்பேசி திரும்பச் சொல்கிறது. அதன்பின் கோபுரம் அந்தச் சுற்றுவட்டத்தில் மேலும் மெல்லிய கற்றைகளால் துழாவித் திசையைத் துல்லியமாக்கிக்கொள்கிறது.

கண்டுபிடித்ததைக் கைவிடாமல் தொடரவும் வேண்டும். 16 உறுப்புகள் கொண்ட வரிசையின் கற்றை 6 பாகைக்குச் சற்று அதிகமான அகலமுடையது. கோபுரத்திலிருந்து 500 மீட்டரில் அந்த அகலம் 55 மீட்டர்; கொழுந்து பறிப்பவர் காலை முழுவதும் அதற்குள்ளேயே இருக்கக்கூடும். 50 மீட்டரில் அதே கற்றை ஐந்தரை மீட்டர்தான். சாலையோரக் கம்பத்தின் அருகே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே கடக்கும் வேன் அரை வினாடியில் அதைத் தாண்டிவிடும். அருகில் இருப்பவரைத் தொடர்வதுதான் தொலைவில் இருப்பவரைத் தொடர்வதைவிடச் சிரமம் என்பது பழைய கைப்பேசி முறைகளில் கேள்விப்படாத சங்கடம்.

இவ்வளவு சிக்கலுக்கும் பயன் உண்டா என்ற ஐயம் துறைக்குள்ளேயே 2010களின் தொடக்கம் வரை இருந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் தியடோர் ராப்பபோர்ட் குழுவினர் நியூயார்க் தெருக்களில் 28 கிகாஹெர்ட்ஸிலும் ஆஸ்டினில் 38 கிகாஹெர்ட்ஸிலும் அளந்து 2013இல் வெளியிட்ட முடிவுகள், கட்டடங்களின் பிரதிபலிப்பைக் கொண்டே 200 மீட்டர் வரை இணைப்பு கிடைக்கும் என்று காட்டின. அதே ஆண்டு மே மாதம் சாம்சங் நிறுவனம் 64 உறுப்புகள் கொண்ட அணியால் 28 கிகாஹெர்ட்ஸில் வினாடிக்கு ஒரு கிகாபிட்டுக்கு மேல், 2 கிலோமீட்டர் வரை அனுப்பியதாக அறிவித்தது. நியூயார்க்கில் உதவிய கண்ணாடிச் சுவர்கள் தேயிலைச் சரிவில் இல்லை என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கவேண்டும்.

இனி இந்த அலையைப் பிரிஞ்சாங்கின் நிலத்தில் நிறுத்திப் பார்க்கலாம். முகட்டில் 256 உறுப்புகள் கொண்ட ஓர் அணி. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், கண்ணுக்கெட்டும் லயத்துக் கூரையில் 64 உறுப்புகள் கொண்ட ஓர் அணி. அனுப்பும் ஆற்றல் ஒரு வாட் என்று வைத்துக்கொள்வோம். அணிகள் இல்லாமல் எல்லாத் திசையிலும் பரப்பினால், வந்துசேரும் குறிகை 400 மெகாஹெர்ட்ஸ் அகலத் தடத்தில், வாங்கும் கருவி சேர்ப்பதும் அடங்கிய மொத்த இரைச்சலில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இணைப்பே இல்லை என்று பொருள். அணிகளின் பெருக்கம் மட்டுமே 256ஐ 64ஆல் பெருக்கிய 16,384 மடங்கு. உறுப்புகளின் சொந்தத் திசைத்தன்மையையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு லட்சத்து 60 ஆயிரம் மடங்கு. குறிகை இப்போது இரைச்சலைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் ஓங்கி நிற்கிறது. பொறியாளர் இதை 40 டெசிபெல் என்பர். டெசிபெல் கணக்கில் ஒவ்வொரு 10க்கும் ஆற்றல் பத்து மடங்கு. 20 என்றால் நூறு மடங்கு, 40 என்றால் பத்தாயிரம். இந்த 40 டெசிபெல்தான் கையிருப்பு. மலை அதிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதே மீதிக் கணக்கு.

கேமரன் மலையின் அடையாளமான பனிமூட்டம் முதலில் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. உண்மையில் அது நிரபராதி. மூடுபனித் துளியின் விட்டம் மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு, 10.7 மில்லிமீட்டர் அலைக்கு அது பொருட்டே அல்ல. 50 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத அடர்ந்த மூட்டத்திலும் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.3 டெசிபெல்தான் இழப்பு. அதே மூட்டத்தில் ஒளிக்கற்றையால் செய்தி அனுப்பும் கருவி கிலோமீட்டருக்கு 300 டெசிபெல்லுக்கு மேல் இழந்து முற்றிலும் குருடாகிவிடும். எதிரே உள்ள முகடு மனிதக் கண்ணுக்கு மறைந்த பின்னும் இந்த அலைக்கு அது தெரிந்துகொண்டேதான் இருக்கிறது.

மழை வேறு கதை. மழைத்துளிகள் மில்லிமீட்டர் அளவின, அதாவது அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்கவை. ஆற்றலை உறிஞ்சவும் சிதறடிக்கவும் வல்லவை. மணிக்கு 5 மில்லிமீட்டர் வீதம் தூறும் மழை கிலோமீட்டருக்கு ஒரு டெசிபெல் அளவே எடுத்துக்கொள்ளும். 50 மில்லிமீட்டர் வீதம் பெய்தால் 8 டெசிபெல் அளவு. 100 மில்லிமீட்டர் வீதம் கொட்டினால் 15 டெசிபெல்லைத் தொடும் அல்லது தாண்டும். பிற்பகல் இடிமழைக்குப் பேர்போன மலேசியாவில் அந்த வீதம் அபூர்வமன்று, ஆனால் நீடிப்பதும் இல்லை. இணைப்புகளைத் திட்டமிடுவோர் ஆண்டில் 0.01 விழுக்காட்டு நேரம், அதாவது 53 நிமிடங்களுக்கும் குறைவாக, மட்டுமே தாண்டப்படும் மழை வீதத்தை அளவுகோலாகக் கொள்வது இதனால்தான். ஆண்டு முழுவதும் பெய்த மழையின் அளவு இந்தக் கணக்குக்கு உதவாது; அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வேகமாகக் கொட்டியது என்பதே வேண்டும்.

தேயிலைச் செடி இடுப்பளவே வளர்க்கப்படுவதால் கற்றைக்குக் குறுக்கே நிற்பதில்லை. நிழல் மரங்களும் ஓடையோரக் காடும்தான் தொல்லை. இலை அடர்ந்த பத்து மீட்டர் தழை 28 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 12 டெசிபெல்லைப் பிடித்துக்கொள்ளும், 700 மெகாஹெர்ட்ஸில் 4 டெசிபெல்தான். தகரக் கூரையும் தகரச் சுவரும் அலையை உள்ளே விடுவதேயில்லை; லயத்துக்குள் அமர்ந்து கைப்பேசியைப் பார்ப்பவரை முகட்டுக் கற்றை நேரடியாக எட்டாது. கைப்பேசியைப் பிடித்திருக்கும் கையும் அதன் பின்னால் நிற்கும் உடலுமே 20 முதல் 30 டெசிபெல் வரை மறைக்கக்கூடும் என்பதால் தயாரிப்பாளர்கள் ஒரே கைப்பேசியில் இரண்டு மூன்று விளிம்புகளில் தனித்தனி அணிகளைப் பதிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக மலை இருக்கிறது. 700 மெகாஹெர்ட்ஸ் அலை முகட்டின் விளிம்பில் ஓரளவு வளைந்து மறுபுறப் பள்ளத்துக்குள் இறங்கும். சென்டிமீட்டர் நீள அலைக்கு மலைமுகடு கத்தி வைத்தாற்போன்ற முடிவு. எத்தனை உறுப்புகளைச் சேர்த்தாலும் கற்றையாக்கம் ஒரு மலையைத் துளைக்காது.

இந்தக் காரணங்களால், நிரைகளுக்கிடையே நடமாடும் தொழிலாளியின் கைப்பேசிக்கு மில்லிமீட்டர் அலை நேரடியாக வந்துசேரும் என்று எதிர்பார்ப்பது வீண் எனலாம். அந்த வேலை 700 மெகாஹெர்ட்ஸுக்கு உரியது. மில்லிமீட்டர் அலைக்குப் பொருந்தும் இடம் நிலையான முனைகளுக்கிடையே உள்ளது: முகட்டிலிருந்து லயத்துக் கூரைக்கு, கூரையிலிருந்து தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு, அங்கிருந்து அடுத்த சரிவின் கம்பத்துக்கு. கம்பி வடமோ ஒளியிழையோ பதிக்க வேண்டுமானால் சரிவைத் தோண்டவேண்டும். மண்சரிவுக்குப் பேர்போன மலையில் தோண்டியது நிலைக்கும் என்ற உறுதி இல்லை. வீட்டுக் கூரையில் வாங்கும் அலையை உள்ளே வைஃபை பெட்டிக்குக் கொண்டுவந்துவிட்டால் தகரச் சுவரின் தடையும் கையின் தடையும் ஒருசேர விலகிவிடுகின்றன.

இதற்கு மலேசியாவிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. ஃபேஸ்புக் நிறுவனம் உருவாக்கிய டெராகிராஃப் என்ற அமைப்பு, 2010களின் இறுதியில் ஒய்டிஎல் நிறுவனத்துடன் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் சோதிக்கப்பட்டது. 60 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் சிறு பெட்டிகள் ஏறத்தாழ 200 மீட்டருக்கு ஒன்றாகத் தெருக்கம்பங்களில் பொருத்தப்பட்டு, கற்றைகளால் ஒன்றோடொன்று வலையாகப் பின்னிக்கொள்ளும். அந்த அதிர்வெண்ணில் காற்றிலுள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்கு 15 டெசிபெல் அளவு விழுங்கிவிடும். இடைவெளி குறுகியதாக இருந்தால் அந்தக் குறையே நன்மையாகிறது, ஏனெனில் அடுத்த தெருவின் அதே அலைவரிசை இங்கே வந்து குறுக்கிடாது. வழக்கமான தட்டுவடிவ ஆன்டெனாவைப் பொருத்தும்போது தொழில்நுட்பர் கோபுரத்தில் ஏறி நின்று பாகைக் கணக்கில் திருகித் திசைபார்க்க வேண்டியிருக்கும். இங்கேயோ அணி தன் திசையைத் தானே தேடிக்கொள்வதால் பெட்டியை ஏறக்குறையச் சரியாக மாட்டினால் போதும். காற்றில் கம்பம் ஆடினாலும் கற்றை திருத்திக்கொள்ளும். ஒரு பெட்டி மழைக்குள் சிக்கினால் வலை வேறு வழியாகத் தரவைச் சுற்றி அனுப்பும். கனமழைத் திரள்கள் சில கிலோமீட்டர் அகலமே உடையவை என்பதால் சுற்றுவழி பெரும்பாலும் கிடைக்கிறது.

மழைக் கணக்கை இந்த வலையோடு சேர்த்துப் பார்த்தால் பிரிஞ்சாங் போன்ற இடத்தில் செய்யவேண்டியது தெளிவாகிறது. முன்சொன்ன ஒரு கிலோமீட்டர் இணைப்பில் 100 மில்லிமீட்டர் வீத மழை 15 டெசிபெல்லை எடுத்துக்கொண்டாலும் 25 டெசிபெல் மீதம் இருக்கும். தரவு வேகம் இறங்குமே தவிர இணைப்பு அறாது. அதே கருவிகளை 3 கிலோமீட்டர் தொலைவில் வைத்தால், தொலைவு கூடியதால் கையிருப்பு 30 டெசிபெல்லாகக் குறைய, வழி முழுவதும் அதே மழை பெய்தால் இழப்பு 45 டெசிபெல்லாக ஏற, குறிகை இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். 3 கிலோமீட்டரை ஒரே தாவலாகத் தாவாமல் மூன்று தாவல்களாகப் பிரித்தால் ஒவ்வொரு தாவலும் 25 டெசிபெல் மீதத்தோடு தப்பிக்கிறது. அதற்கு இடையில் இரண்டு கம்பங்கள் வேண்டும். ஒவ்வொரு கம்பத்துக்கும் மின்சாரம் வரவேண்டும், தோட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டும், மண் இறங்காத ஓர் இடம் வேண்டும், முன்னும் பின்னும் உள்ள கம்பங்கள் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியவும் வேண்டும்.